ரெஜினா: அழிக்கும் முன் கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவரின் முழங்காலை எக்ஸ்ரே மேசையின் மேல் நேராக வைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வரவேற்பில் உட்காரும் சுகன்யா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். எங்கள் பிரிவில் யாரும் அப்படி வரமாட்டார்கள். "அண்ணா, ரெஜினாக்கா போயிட்டாங்களாம். சகாயம் அண்ணன் இப்பத்தான் போன் பண்ணினாரு" என்றாள்.

பெரியவர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க அசையாம இருங்கய்யா" என்று சொல்லி இரண்டு படங்களையும் எடுத்து முடித்தேன். அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டு, செருப்பைக் காலருகே தள்ளி வைத்தேன். "யாருங்க, சொந்தமா?" என்று கேட்டார். "கூட வேலை பார்த்தவங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு வெளியே வந்து மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் சர்வர் அறையின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை.

நம் மருத்துவமனையில் ரெஜினாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் பாதிப் பேர், "கம்ப்யூட்டர் பார்க்கிற அக்கா" என்பார்கள். உண்மைதான். நோயாளிகளின் பதிவுகள், ஸ்கேன் படங்கள், மருந்துக் கணக்கு எல்லாம் தங்கியிருக்கும் சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது. பெங்களூரில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கணவர் சகாயத்தோடும் மகளோடும் அதியமான்கோட்டைக்குத் திரும்பி வந்தவர். அவருடைய அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம், தக்காளி போடுவார்கள். வந்தது ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க டிராபிக்ல உக்காந்திருந்த நேரத்துக்கு இங்க ஒரு ஆயுசே வாழ்ந்துரலாங்கண்ணா" என்றார். அந்த ஆயுசு நாற்பத்து நான்கில் நின்றுவிட்டது.

நான் அவரை முதலில் சரியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி வேன்மேல் ஏறி, அடிபட்டவர்களில் ஏழு பேரை நம்மிடம் கொண்டுவந்திருந்தார்கள். நான் சி.டி. ஸ்கேன் அறையில் இருந்தேன். மூன்று பேருக்கு எடுத்து முடித்தபோது இயந்திரத்தின் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: படத்தைச் சேமிக்க இடமில்லை. சர்வர் நிரம்பியதால் படங்கள் அங்கே போகாமல் ஸ்கேன் இயந்திரத்திலேயே தேங்கி, அதுவும் நிரம்பிவிட்டது. அடுத்துப் படுத்திருந்தவர் வேனை ஓட்டியவர். தலையில் அடி. பேச்சு குழறிக்கொண்டிருந்தது.

போன் செய்த இருபதாவது நிமிடத்தில் ரெஜினா வந்தார். சர்ச் பூசைக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவை, தலையில் பூ, ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கையிலிருந்து இறக்கி வைக்கவும் மறந்திருந்தார். நான் பதற்றத்தில், "பழைய படங்க எதையாச்சும் அழிச்சு விடுங்க, இப்ப இவரைப் பாக்கணும்" என்றேன்.

"பேஷண்ட் படத்துல கை வெக்க வேண்டாங்கண்ணா. இடத்தைத் தின்னது வேற ஏதோ. ஒரு ரெண்டு நிமிசம் குடுங்க."

சர்வரில் இருந்த கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தார். பட்டியல் மேலிருந்து கீழாக வந்தது. முதல் வரியில் விரல் வைத்து, "பாருங்க, மூணுல ஒரு பங்கு இது ஒண்ணே" என்றார். அது நோயாளி யாருடைய படமும் இல்லை. நம்மிடம் முன்பு இருந்த ஃபிலிம் அச்சிடும் இயந்திரத்தை எப்போதோ கழற்றிக் கொடுத்துவிட்டோம். அது போனதை ஒரு புரோகிராமுக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒவ்வொரு நொடியும் அந்த இயந்திரத்தைத் தேடி, 'கிடைக்கவில்லை', 'கிடைக்கவில்லை' என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதை அழித்தார். இடம் வரவில்லை. அவர் அமைதியாக, "அந்த புரோகிராம் இன்னும் அதைப் புடிச்சிட்டு இருக்குதுங்கண்ணா. அதை நிறுத்தி எழுப்பினாத்தான் இடம் விடும்" என்று சொல்லி அந்தப் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். சிவப்பு வரி மறைந்தது. ஓட்டுநரின் தலையில் ரத்தக்கசிவு இருந்தது. உடனே சேலத்துக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அவர் நடந்து வந்து மருத்துவருக்கு ஒரு கூடை கொய்யா கொடுத்துவிட்டுப் போனார். நான் ரெஜினாவைக் கூப்பிட்டு அவருக்கும் நான்கு பழம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய சுத்தம் நடந்தது. புது டிஸ்க் வாங்க நிர்வாகம் தயாராக இல்லை. இருப்பதில் இடம் தேடிக்கொள்ளச் சொன்னார்கள். யாராலும் வெகுநாளாகத் திறக்கப்படாத பெரிய கோப்புகளை ரெஜினா தேடி எடுத்துப் பட்டியல் போட்டார். நினைவிருப்பவர்களுக்கு இப்போதும் சிரிப்பு வரும். நிர்வாக அலுவலரின் தங்கை மகள் கல்யாண வீடியோ மூன்று பாகமாக, 'மிக முக்கியம்' என்ற பெயரில் இருந்தது. நம் பொங்கல் விழாவில் உறியடித்த வீடியோவை எட்டுப் பேர் எட்டு இடத்தில் போட்டு வைத்திருந்தோம். அந்த எட்டில் ஒன்று என்னுடையது.

வேறொருவராக இருந்தால் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அழித்திருப்பார். ரெஜினா பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாக நடந்தார். ஆய்வகம், மருந்தகம், பிரசவ வார்டு, சமையலறைவரை. "இது யாருதுங்க? இது எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று நின்று கேட்டார். நிர்வாக அலுவலரிடம் போய், "சார், கல்யாணம் ரொம்ப நல்லா நடந்திருக்குது. ஒரு பென் டிரைவ் கொண்டாங்க, வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்றாராம். அவர் வெட்கப்பட்டு மறுநாளே கொண்டுவந்தார்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஐந்து வருடமாக யாரும் தொடாததை அழித்தால் என்ன என்று நான் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். அங்கே தீயணைக்கும் சிலிண்டர் தொங்கியது. "அதையும் அஞ்சு வருசமா யாரும் தொடலைங்கண்ணா" என்றார். அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கலாம்: "பெருசு வேற, வேண்டாதது வேற."

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் எங்கள் ஸ்கேன் பிரிவின் பெயரில் ஒரு பெரிய கோப்புறை இருந்தது. பழைய ஸ்கேன் இயந்திரம் இருந்த காலத்துப் படங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. அழித்தால் தவறில்லை என்று விதிகள் சொல்லின. ரெஜினா தாளை நீட்டியபோது நான் சாப்பாட்டுப் பையைத் திறந்துகொண்டிருந்தேன். 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "நிச்சயமாங்கண்ணா?" என்றார். "எல்லாம் பழசு" என்றேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை வருடம் கழித்து நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாதம்மாள் என்று ஒரு பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், களை வெட்டிப் பிழைப்பவர். தீராத இருமல். ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. மருத்துவரின் முகம் இறுகியது. சேலத்துக்கு அனுப்பி, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் அறுவை செய்யலாம் என்றார். மாதம்மாளின் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாதம்மாள்தான் நிதானமாக, "முன்னமே ஒருக்கா இதே குகைக்குள்ள என்னை வுட்டு எடுத்தாங்களே சாமி. டிராக்டர்ல இருந்து வுழுந்தப்போ" என்றார்.

மருத்துவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "முருகேசன், அந்தப் பழைய படம் இருக்கா? அப்பவே இந்தக் கட்டி இதே அளவுல இருந்திருந்தா இது பயப்படற விஷயமா இருக்காது."

எனக்கு என் பேனா நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுப் பையும் நினைவுக்கு வந்தது. "இல்லைங்க சார், அழிச்சாச்சு" என்று சொல்ல வாயெடுத்தவன், கடைசி நம்பிக்கையாக வெளியே போய் ரெஜினாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "பேரும் வருசமும் சொல்லுங்கண்ணா" என்றார்.

"இருக்குதா?"

"இருக்குதுங்க."

முக்கால் மணி நேரத்தில் மாதம்மாளின் பழைய ஸ்கேன் படங்கள் மருத்துவரின் திரையில் இருந்தன. ஏழு வருடத்துக்கு முந்தையவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். அதே இடம், அதே அளவு. மருத்துவர் நாற்காலியில் சாய்ந்தார். இது இத்தனை வருடம் வளராமல் கிடக்கிறது, இதைத் தொட வேண்டாம், இருமலுக்கு மட்டும் மருந்து கொடுப்போம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். அதை நான்தான் போய் மாதம்மாளிடம் சொன்னேன். பழைய படத்தைக் காத்து வைத்தது ரெஜினா என்பதையும் சொன்னேன். "அப்ப அது நம்ம வூட்டுக் கெழவனாட்டம் ஒரு பக்கமா உக்காந்திருக்குதா? இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, மகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று மாலை சர்வர் அறைக்குப் போனேன். நான் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்ததை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். சர்வரிலிருந்து எடுத்து, பழைய கணினிகளில் கழற்றிய இரண்டு டிஸ்க்குகளில் பதிந்து, ஒன்றைப் பதிவேட்டு அறை அலமாரியிலும் இன்னொன்றை நர்சிங் விடுதிக் கட்டடத்திலும் பூட்டி வைத்திருந்தார். சர்வரில் இடமும் கிடைத்தது, படங்களும் இருந்தன.

"நீங்க தாளைப் படிக்கலைங்கண்ணா. பேனாவை எடுத்தீங்க, போட்டீங்க. படிச்சிட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தா அழிச்சிருப்பேன்."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். அது என் தப்புத்தான். இவ்வளவு நேரம் நீங்க பயந்திருக்க வேண்டியதில்ல."

என்னைக் கடிந்துகொள்ள வேண்டிய இடத்தில் அவர் தன் தவற்றைத் தேடிக்கொண்டிருந்தார். இது எனக்கு அப்போது பெருந்தன்மையாகத் தெரிந்தது. பெருந்தன்மை இல்லை, அவருக்கு அது பழக்கம் என்று அடுத்த ஆண்டுதான் புரிந்தது.

ஷாகிரா பானுவை உங்களுக்குத் தெரியும், நம் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்கும் அறுவை முடிந்தவர்களுக்கும் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை அவர் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வீடியோவாக எடுத்து வைத்திருந்தார். எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தக் கோப்புறைக்குப் பெயர் வைக்காமல் 'நியூ ஃபோல்டர் 4' என்று விட்டிருந்தார். அடுத்த முறை இடம் தேடியபோது ஷாகிரா பிரசவ விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்தவர், "அது என்னன்னு தெரியல, தேவைப்படாது" என்றார். ரெஜினா அழித்துவிட்டார்.

ஷாகிரா திரும்பி வந்து தேடியபோது, சில மாதங்களுக்கு முன் பழுதான ஒரு டிஸ்க்கோடு போயிருக்கும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். ஷாகிராவே அப்படித்தான் நினைத்தார். காப்புக்காக எடுத்து வைத்த பிரதிகளின் மேலும் அதற்குள் புதியவை பதிந்துவிட்டிருந்தன. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலை பிரிவுத் தலைவர்கள் கூடும் கூட்டத்தில் ரெஜினா எழுந்து நின்றார். அவரைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"ஷாகிராவோட வீடியோ, டிஸ்க் பழுதானதுல போகல. நேத்து என் குறிப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன். நான்தான் அழிச்சேன். அவங்க லீவுல இருந்தாங்க. வூட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். கேக்கல."

நிர்வாக அலுவலர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். ரெஜினா அதற்கு இடம் கொடுக்கவில்லை. "ஷாகிரா ஒத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமைல மறுபடி எடுத்துக் குடுத்துர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். ஷாகிராவுக்குக் கோபம் இருந்தது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், "வாங்க, எடுக்கலாம்" என்றார்.

நான்கு ஞாயிறுகள். கேமராவை நான் பிடித்தேன். பூசை முடிந்து ரெஜினா வருவார். ஷாகிரா சொல்லித்தர, நோயாளியாக ரெஜினாவே நடித்தார். பெங்களூரில் இருந்ததால் கன்னடக் குரலும் அவருடையதே. தெலுங்குக்கு ஓசூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் வந்தார். தோள் பயிற்சி எடுத்த அன்று ரெஜினா கையைத் தூக்கும்போதெல்லாம் முகமும் சேர்ந்து மேலே போனது. "கையைத் தூக்கச் சொன்னா மூஞ்சியை ஏன் தூக்கறீங்க!" என்று ஷாகிரா கத்தினார். ரெஜினா சிரித்தார், ஷாகிராவும் சிரித்துவிட்டார். மூன்று நாள் கோபம் அங்கே முடிந்தது. அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டுவைத்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ரெஜினா மதிய நேரத்தில் என் அறைக்கு வந்து, "அண்ணா, எனக்கு ஒரு ஸ்கேன் எழுதியிருக்காங்க" என்று தாளை நீட்டினார். மார்பில் கட்டி. நான்தான் எடுத்தேன். திரையில் பார்த்ததை எங்களைப் போன்றவர்கள் சொல்லக்கூடாது. அவரும் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, "படம் எல்லாம் ஒழுங்கா பதிஞ்சிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். பதிந்துவிட்டது என்றேன்.

அறுவை வேலூரில் நடந்தது. இப்படிப்பட்ட அறுவைக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தோள் இறுகிப்போகும். நாள் தவறாமல் பயிற்சி செய்யவேண்டும். வேலைக்குத் திரும்பியதும் காலையில் கால் மணி நேரம் ஷாகிராவின் கூடத்துக்குப் போவார். சுவரில் இருக்கும் திரையில் அதே வீடியோ. அதில் தலை நிறைய முடியோடு ரெஜினா கையைத் தூக்குவார். இங்கே தலையில் துணி கட்டிய ரெஜினா அதைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நான் ஒருநாள் வாசலில் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "அன்னைக்குச் சும்மா நடிச்சேங்கண்ணா, இப்பத்தான் நெசமா செய்யறேன். அது எவ்வளவு லேசா தூக்குது பாருங்க, பொறாமையா இருக்குது" என்றார். ஷாகிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மாதம் நன்றாக இருந்தார். பிறகு நோய் ஈரலுக்கு வந்துவிட்டது. கடைசியாக நான் அதியமான்கோட்டை வீட்டுக்குப் போனபோது கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சகாயம் காபி கொண்டுவந்தார். தன் இடத்துக்கு வந்திருக்கும் புதியவர் எப்படி என்று ரெஜினா விசாரித்தார். கெட்டிக்காரர், ஆனால் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்கிறார் என்றேன். "நடக்கச் சொல்லுங்க" என்றார். "ஒருத்தர்கிட்ட நேர்ல போய்க் கேட்டாத்தான் அவங்க யோசிப்பாங்க." பிறகு மகளின் பிளஸ் டூ பாடங்களைப் பற்றிப் பேசினோம். எழுந்தபோது, "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணா" என்று சிரித்தார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

அடக்கத்துக்கு நம் ஆட்கள் ஒரு பஸ் நிறைய போனோம். மாதம்மாளும் வந்திருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மண் போடும்போது வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இரு கையாலும் அள்ளிப் போட்டார்.

ரெஜினாவிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். கோப்புகளைத் தேடும் வித்தை எனக்கு வராது. அவருடைய பொறுமையும் வராது. அந்தக் காலைக் கூட்டத்தில் யாரும் கேட்காதபோது எழுந்து நின்றாரே, அதில் கொஞ்சம் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். போன வாரம் ஒரு கை எக்ஸ்ரேயில் இடது, வலது என்ற குறியை நான் மாற்றிப் போட்டுவிட்டேன். படம் மருத்துவரிடம் போய்விட்டது. அவர் இன்னும் பார்க்கவில்லை. கணினியிலேயே சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். முப்பது வருட வேலையில் அப்படி மாற்றியதும் உண்டு. இந்த முறை எழுந்து போனேன். அவருடைய அறையில் மூன்று நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "சார், அந்தப் படத்துல பக்கம் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னுதுங்க."